பதின்பருவத் துப்பறியும் நாவல்: கொலைத் திட்டம் முதல் பதிப்பகத்துக்கு அனுப்புவது வரை

கொலை மர்ம நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் பத்து, பன்னிரண்டு அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறார்கள். கொலை செய்தது யார் என்பதை எழுதிக்கொண்டே போகும்போது முடிவு செய்துகொள்ளலாம் என்று தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். வேறு வகை நாவலில் அது ஓரளவு நடக்கும். இந்த வகையில் நடக்காது. மூன்றாம் அத்தியாயத்தில் வைக்க வேண்டிய துப்பை இருபதாம் அத்தியாயத்தில் யோசித்தால், முன்னால் எழுதியதெல்லாம் குலைந்துபோகும். துப்பறிகிறவர் பதினாறு வயதுப் பிள்ளை என்றால் சிக்கல் இரட்டிப்பு. அவளுக்கு அதிகாரம் கிடையாது, வண்டி கிடையாது, நாளைக்குக் காலையில் பள்ளி உண்டு.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். முதல் ஆறு படிகளிலும் நாவலின் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அதைப் பார்த்துப் பொறுமை இழக்க வேண்டாம்.

தொடங்கும் முன்: எவ்வளவு காலம், என்ன செலவு

நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கான கணக்கு இது. திட்டமிட ஐந்து அல்லது ஆறு வாரம். முதல் வரைவுக்கு மூன்று மாதம். வரைவைத் தொடாமல் மூடி வைக்க மூன்று வாரம். திருத்த இரண்டரை மாதம். ஆக மொத்தம் எட்டு மாதம். நாளுக்கு 500 சொல் எழுதினால் 90 நாளில் 45,000 சொல் வரும். தமிழில் இளையோருக்கான மர்ம நாவலுக்கு 35,000 முதல் 50,000 சொல் போதும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் விசாரணைக் காட்சிகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பணச் செலவு குறைவு. ஒரு கெட்டி நோட்டு, கணினியில் ஒரு அட்டவணைக் கோப்பு, கடைசியில் முழுப் பிரதியை இரண்டு மூன்று முறை அச்செடுக்கும் செலவு, அவ்வளவுதான். செலவு வரக்கூடிய ஒரே இடம் தனிப்பட்ட எடிட்டர். அதுவும் ஒன்பதாம் படியை முடித்த பிறகுதான்.

உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஐந்து: கொலைக் கோப்பு, நேர அட்டவணை, சந்தேக நபர் தாள்கள், துப்புப் பதிவேடு, அத்தியாயத் திட்டம்.

1. முதலில் கொலையை எழுதுங்கள்

கொலைக் கோப்பு என்பது நான்கைந்து பக்கம். அதைக் கொலையாளியே தன் வாயால் சொல்வதுபோல, தன்மையில், ஆதியிலிருந்து அந்தம் வரை எழுதுங்கள். இதில் மர்மம் எதுவும் வேண்டாம். யாரை, ஏன், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வழியாக வந்து, எதைக் கொண்டு, எந்த வழியாகப் போனேன் என்று பச்சையாகச் சொல்லட்டும்.

கோப்பு கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில. இந்தக் கொலையைப் போன மாதம் ஏன் செய்யவில்லை, அடுத்த மாதம் வரை ஏன் காத்திருக்க முடியவில்லை? கொல்வதைத் தவிர வேறு வழி ஏன் தெரியவில்லை? போலீஸ் இதை என்னவாக நினைக்க வேண்டும் என்று கொலையாளி விரும்புகிறார்? அவரைப் பார்த்தவர் யார், தான் பார்த்ததன் பொருள் அந்த ஆளுக்குத் தெரியுமா?

பிறகு கொலையாளி செய்த மூன்று பிழைகளை எழுதுங்கள். ஒன்று அவசரத்தில் செய்தது. ஒன்று அறியாமல் செய்தது. ஒன்று பழக்கத்தால் செய்தது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே மதிப்பு மிக்கது. அவசரத்தில் விட்ட தடயத்தைத் தடயவியல் நிபுணர் எடுத்துவிடுவார். பழக்கத்தால் வாய் தவறிய சொல்லை, அந்த மனிதரை நாள்தோறும் பார்க்கிற ஒரு மாணவிதான் பிடிக்க முடியும்.

கொலைக்குப் பின் என்ன ஆகிறது என்பதையும் இதே கோப்பில் சேருங்கள். கதை இரண்டு வாரம் நடக்கிறது என்றால், அந்தப் பதினான்கு நாளும் கொலையாளி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நாளுக்கு ஒரு வரி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கொலையாளி கடைசி அத்தியாயம் வரை கைகட்டிக் காத்திருக்கிற நாவல் நடுவில் தொய்ந்துபோகும். அவர் தடயத்தை அழிக்கட்டும், இன்னொருவர் மேல் பழி போடட்டும், துப்பறியும் பெண்ணுக்கு உதவ வருவதுபோல வந்து நிற்கட்டும்.

கொலைக் காரணத்தைப் பற்றி ஒன்று. “மனநிலை சரியில்லை” என்பதைக் காரணமாக வைக்கவே வைக்காதீர்கள். மனநோய் உள்ளவர்களுக்கு அது அநியாயம். போதாததற்கு, அது துப்பறியவே முடியாத காரணம். எதை மறைக்கிறார், எதை இழக்கப் பயப்படுகிறார் என்று யோசியுங்கள். அந்த இழப்பு இளையவர்களின் உலகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும்: பள்ளியின் பெயர், திருடப்பட்ட ஒரு மாணவனின் படைப்பு, விற்கப்பட்ட வினாத்தாள், மூடி மறைக்கப்பட்ட பழைய விபத்து. வெறும் சொத்துத் தகராறு என்றால், இதில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்பார்.

2. அந்தப் பிள்ளை ஏன் துப்பறிய வேண்டும்

வயது 15 முதல் 17 வரை வசதியானது. அதற்குக் கீழே போனால் தனியாக வெளியே போகும் காட்சிகள் நம்பும்படி இருக்காது. 18 ஆகிவிட்டால் சட்டப்படி பெரியவர், கதையின் இறுக்கமே போய்விடும்.

நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். முதலாவது, இந்தப் பிள்ளையால் முடியாதவை. பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு வாங்க முடியாது. சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டச் சொல்ல முடியாது. யாரையும் உட்கார வைத்து விசாரிக்க முடியாது. காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை பள்ளியை விட்டு அசைய முடியாது. ராத்திரி நேரம் கழித்து வந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, இந்தப் பிள்ளையால் மட்டும் முடிபவை. பள்ளியின் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று தெரியும். யார் யாரோடு பேசுவதை நிறுத்தினார்கள், என்றைக்கு நிறுத்தினார்கள் என்று தெரியும். பெரியவர்கள் “சின்னப் பொண்ணுதானே” என்று அவள் முன்னாலேயே பேசிவிடுவார்கள். நீக்கப்பட்ட ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட் எந்தத் தோழியிடம் இருக்கும் என்று தெரியும்.

உங்கள் நாவலின் முக்கியத் துப்பு இரண்டாவது பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். மாமா போலீஸ்காரர், அவருடைய மேஜையில் அறிக்கை திறந்து கிடந்தது என்ற வழியை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதீர்கள். அப்படி வந்த துப்பை வைத்து அவள் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை மாமாவுக்குத்தான் போகும்.

போலீஸை முட்டாளாகக் காட்டுவது அடுத்த பொறி. அதற்குப் பதில் அவர்களுக்கு நியாயமான ஒரு தவறான முடிவைக் கொடுங்கள். படிக்கட்டில் வழுக்கி விழுந்தார், சாட்சிகள் இருக்கிறார்கள், சந்தேகம் இல்லை, வழக்கு முடிந்தது. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. அவர்களிடம் இல்லாத ஒரு தகவல் இவளிடம் இருக்கிறது.

தடயத்தைக் கையில் எடுப்பது பற்றியும் கவனம் வேண்டும். சம்பவ இடத்திலிருந்து ஒரு பொருளை அவள் எடுத்து வந்துவிட்டால், அது எங்கே இருந்தது, யார் யார் கையில் போனது என்று நிரூபிக்க முடியாது. நீதிமன்றத்தில் அதன் மதிப்பு சரிந்துவிடும். அவள் மேலேயே தடயத்தை மறைத்த குற்றமும் வரலாம். இடத்தை மாற்றாமல் படம் எடுத்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் எடுத்துவிட்டு, அதற்கான விலையைக் கதையில் கொடுக்கட்டும். சந்தேக நபர்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் இருந்தால், பல நாடுகளில் விசாரணை முறையே வேறு. அவர் பெயரை வெளியிடவும் தடை இருக்கும். கதை நடக்கும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை எழுதுங்கள்.

3. நேர அட்டவணை

அட்டவணைக் கோப்பில் ஐந்து பத்தி: நேரம், உண்மையில் நடந்தது, யார் என்ன சொல்கிறார், உண்மை தெரிந்தவர் யார், எந்த அத்தியாயத்தில் வெளிப்படுகிறது.

கொலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிடக் கட்டங்களாகப் பிரியுங்கள். அந்த நாளின் மற்ற பகுதிக்கு மணிக்கு ஒரு கட்டம். முந்தைய இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒவ்வொரு கட்டத்திலும் எங்காவது நிறுத்துங்கள். காலியான கட்டம் இருந்தால் அங்கே உங்களுக்கே தெரியாமல் ஒரு சந்தேக நபர் நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

உடலைப் பற்றிய நேரக் கணக்கில்தான் தவறுகள் அதிகம். இறந்தபின் உடல் விறைப்பது பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பகுதியில் தெரியத் தொடங்கும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முழு உடலும் விறைத்திருக்கும். அதன்பின் ஒன்று முதல் இரண்டு நாளில் படிப்படியாகத் தளரும். வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம் நடக்கும், குளிரில் தாமதமாகும். ஆகவே எந்த மருத்துவரும் “6.10க்கு இறந்தார்” என்று சொல்ல மாட்டார். ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் என்பார். அந்த மூன்று மணி நேர இடைவெளிதான் உங்கள் கதை ஓடும் இடம், அதை ஆசையோடு பயன்படுத்துங்கள்.

திரையில் பார்த்துப் பழகிய வேறு சில தவறுகள்: மயக்க மருந்து நனைத்த துணியை மூக்கில் வைத்ததும் யாரும் நொடியில் சாய மாட்டார்கள். தலையில் அடிபட்டு அரை மணி நேரம் நினைவிழந்து கிடந்தவர் எழுந்து ஓட முடியாது, அது மூளைக்கு ஏற்பட்ட கடுமையான காயம். டிஎன்ஏ முடிவு பொதுவாக அன்று மாலையே வராது, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஆகும். செல்போன் கோபுரத் தகவல் ஆள் எந்தப் பகுதியில் இருந்தார் என்று சொல்லும், எந்த அறையில் இருந்தார் என்று சொல்லாது.

4. சந்தேக நபர்கள்

கொலையாளியோடு சேர்த்து ஐந்து பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் வாசகருக்குப் பெயர் குழம்பும். நான்குக்குக் கீழே போனால் பாதியிலேயே தெரிந்துவிடும். பெயர்களின் முதல் எழுத்து ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும்.

ஆளுக்கு ஒரு பக்கத் தாள். அதில் அவர் மறைக்கும் ரகசியம், அதற்காகச் சொல்லும் பொய், கொலை நேரத்தில் உண்மையில் இருந்த இடம், துப்பறியும் பெண்ணோடு அவருக்குள்ள உறவு. கொலையோடு சம்பந்தம் இல்லாதவர்களும் பொய் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் நிஜமான வேறு காரணம் இருந்து, அது பின்னால் வெளிப்பட்டே ஆக வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்த்தார், கதவைச் சாத்தினார், கடைசிவரை ஏன் என்று சொல்லவே இல்லை என்றால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

ஐவரில் ஒருவர் அவளுடைய நெருங்கிய தோழியாகவோ தோழனாகவோ இருக்கட்டும். இன்னொருவர் அவள் மரியாதை வைத்திருக்கும் பெரியவர். பெரியவர்களுக்கான துப்பறியும் கதையில் துப்பறிபவர் வெளியிலிருந்து வந்து, விசாரித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே அவள் சந்தேகப்படுகிற ஒவ்வொருவரையும் மறுநாள் வகுப்பில் பார்த்தாக வேண்டும். இளையோர் மர்மக் கதையின் வலியும் சுவையும் இருப்பது அங்கேதான்.

கொலையாளி முதல் கால் பகுதிக்குள் பேசியிருக்க வேண்டும். சும்மா வந்து போனால் போதாது. கதைக்குத் தேவையான ஒரு வேலையும் அவருக்கு இருக்க வேண்டும். வேலையே இல்லாமல் அடிக்கடி எட்டிப் பார்க்கும் பாத்திரத்தைப் பழகிய வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

5. துப்புப் பதிவேடு

எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும் படி இது. மொத்தம் 12 முதல் 15 துப்பு வையுங்கள். அதில் ஐந்தாறு கொலையாளியைக் காட்டுபவை, மற்றவை வேறு சந்தேக நபர்களின் ரகசியத்துக்குப் போகிறவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம்: துப்பு என்ன, எந்த அத்தியாயத்தில் வாசகர் கண்ணில் படுகிறது, எதன் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த அத்தியாயத்தில் புரிகிறது.

முக்கியமான துப்பை ஒரே இடத்தில் முழுதாக வைக்காதீர்கள். மூன்று துண்டாக உடைத்து மூன்று அத்தியாயத்தில் வையுங்கள். ஒரு மாதிரி பார்ப்போம். பள்ளி ஆண்டு விழா ஒத்திகை நடந்த மாலையில், மேடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் ஒருவர் இறந்துகிடக்கிறார். கொலையாளி பாட்டு ஆசிரியர். மாலை 5.55 முதல் 6.15 வரை மின்சாரம் இல்லை. பள்ளி மணி மின்சார மணி. அவருடைய பழக்கப் பிழை: நாள்தோறும் ஆறு மணிக்கு அடிக்கும் மணி அன்றும் அடித்ததாகச் சொல்லிவிடுகிறார்.

முதல் துண்டு, முதல் அத்தியாயத்தில், வேறு ஒரு நாளில். மின்சாரம் போய் மணி அடிக்காததால் முதல் பீரியட் பத்து நிமிடம் நீண்டுபோகிறது, கணக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்த சந்தோஷத்தில் வகுப்பே குதிக்கிறது. அவ்வளவுதான். வாசகருக்கு அது பள்ளிக் கலாட்டா.

இரண்டாம் துண்டு, மூன்றாம் அத்தியாயத்தில், கொலை நடந்த மாலையில்:

“ஃபேன் நின்று பத்து நிமிஷம் ஆகிவிட்டது. தோழி செல்போன் டார்ச்சைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு பாவாடைக்கு ஜரிகை தைத்தாள். ‘இப்பவே மணி ஆறு அஞ்சுடி. இன்னும் அரை மணி லேட்டானா எங்கம்மா திட்டித் தீத்துடுவாங்க’ என்றாள். ஊசி விரலில் ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் வெள்ளைத் துணியில் பரவியது.”

ரத்தச் சொட்டைப் பார்க்கிற வாசகர் ஃபேனை மறந்துவிடுவார். நேரம் மட்டும் மனதின் ஓரத்தில் தங்கியிருக்கும்.

மூன்றாம் துண்டு, பதினோராம் அத்தியாயத்தில், அவர் வாயிலிருந்து:

“‘நாலரைக்கு பாட்டு கிளாஸ் முடிஞ்சதும்மா. அப்புறம் ஆபீஸ் ரூம்ல உக்காந்து மார்க் ஷீட் எழுதினேன். ஆறு மணி பெல் அடிச்சப்பக்கூட அங்கதான் இருந்தேன். கிளம்பும்போதுதான் அலறல் கேட்டது.’ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘உங்க அண்ணன் என்கிட்ட மூணு வருஷம் பாட்டு கத்துக்கிட்டான். உனக்கு ஞாபகம் இருக்கா?’”

இறந்துபோன அண்ணனைப் பற்றிய பேச்சு வந்ததும் அவளும் உடைந்துபோகிறாள், வாசகரும் அவளோடு போய்விடுகிறார். பொய் நாலு வாக்கியத்தின் நடுவில் கிடக்கிறது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும்தான் எப்போதும் நினைவில் நிற்கும், அதனால் துப்பை நடுவில் போடுங்கள். கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: இருட்டு அறையில் மார்க் ஷீட் எழுதியிருக்கிறார். கூர்மையான வாசகருக்கு வைத்த கூடுதல் பரிசு அது. போலீஸால் இதைப் பிடிக்க முடியாததற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பள்ளியின் மணி எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

கண்ணில் பட்டதற்கும் புரிவதற்கும் நடுவே குறைந்தது ஐந்து அத்தியாயம் விடுங்கள். கொலையாளியைக் காட்டும் கடைசித் துப்பு 80 சதவீதத்துக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு புதிதாக ஒரு கடிதமோ இரட்டைப் பிறவியோ வந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார், அது நியாயமும்கூட.

6. அத்தியாயத் திட்டம்

32 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1,400 சொல். உடல் மூன்றாம் அல்லது நான்காம் அத்தியாயத்துக்குள் கிடைக்க வேண்டும். எட்டாவதில் முதல் தவறான முடிவு. பதினாறில் கதையைத் திருப்பிப் போடும் நிகழ்வு: அவள் உறுதியாகச் சந்தேகப்பட்டவர் நிரபராதி என்று தெரிகிறது, அவளுடைய குற்றச்சாட்டால் அவருக்கு உண்மையான சேதம் ஏற்பட்டுவிட்டது. இருபத்து நான்கில் அவள் தனித்து விடப்படுகிறாள். இருபத்தெட்டில் வெளிப்பாடு. மீதி நான்கும் பின்விளைவுகளுக்கு.

அத்தியாயத்துக்கு மூன்று வரி எழுதினால் போதும்: எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது, எந்தப் புதுக் கேள்வி எழுகிறது, எந்தத் துப்பு உள்ளே போகிறது. மூன்றில் இரண்டு காலியாக இருந்தால் அந்த அத்தியாயத்தைப் பக்கத்து அத்தியாயத்தோடு சேர்த்துவிடுங்கள். கதை நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போகும் காட்சி அச்சுவரை போன நாவல்கள் உண்டு.

7. முதல் வரைவு

தன்மையில் எழுதுவது தொடக்கக்காரருக்கு எளிது. ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவளுக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிய வேண்டும். “எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை” என்று எழுதிவிட்டு ஐந்து அத்தியாயம் இழுத்தால் அது மோசடி. அவளுக்குப் புரிந்த அடுத்த அத்தியாயத்திலேயே வெளிப்பாடு தொடங்கட்டும்.

உரையாடல் பேச்சு வழக்கில் இருக்கட்டும், விவரிப்பு எளிய எழுத்து வழக்கில். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்க வேண்டாம். இளையவர்கள் இந்த மாதம் பேசுகிற புதுச் சொற்களை அள்ளிப் போடாதீர்கள், புத்தகம் வெளிவரும்போது அவை பழசாகியிருக்கும். அவர்கள் ஒருவரையொருவர் சீண்டுவது, பெரியவர் வந்ததும் சட்டென்று குரல் மாறுவது, பாதி வாக்கியத்தில் பேச்சை விடுவது, இவை பழசாகாது.

வன்முறையைப் பற்றி: உடலை ஒரு முறை, தெளிவாக, சுருக்கமாகக் காட்டுங்கள். அதன் பிறகு இறந்தவரை மனிதராகக் காட்டுங்கள். அவருடைய காலி நாற்காலி, யாரும் எடுக்காத டிபன் பை. விஷம் என்றால் அளவும் அதைப் பெறும் வழியும் கதைக்குத் தேவையே இல்லை, எழுதாதீர்கள். கொலையைத் தற்கொலைபோலக் காட்டும் கதையாக இருந்தால் முறையை விவரிக்கவே கூடாது. படிப்பவர்களில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

வரைவு முடியும்வரை எழுதி முடித்த அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். மாற்றம் தோன்றினால் துப்புப் பதிவேட்டில் சிவப்பில் குறித்துவிட்டு மேலே போங்கள்.

8. வெளிப்பாட்டுக் காட்சி

கொலையாளி தானாக எல்லாவற்றையும் ஒப்பிக்கும் காட்சி வேண்டாம். அவள் துப்புகளைக் கோத்துச் சொல்ல வேண்டும், அவர் ஒன்றொன்றாக மறுக்க வேண்டும், ஒரு மறுப்பில் சிக்க வேண்டும். மேலே சொன்ன கதையில் “பெல் அடிக்கவே இல்ல சார்” என்ற ஒரு வரி போதும்.

அவள் தனியாக ஏன் போகிறாள் என்பதற்கு நல்ல காரணம் இல்லாவிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போவதால் பதற்றம் குறையாது, அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் பதற்றத்தை வைக்கலாம். அடிதடியில் அவளை ஜெயிக்க வைக்கவும் வேண்டாம். கட்டிடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று, அந்தச் சரியில்லாத தாழ்ப்பாள் மாதிரி, அவளைக் காப்பாற்றட்டும்.

9. திருத்தமும் முதல் வாசகர்களும்

மூன்று வாரம் கழித்து அச்செடுத்து மூன்று சுற்று படியுங்கள். முதல் சுற்றில் நேரம் மட்டும். ஒவ்வொரு “நேற்று”, “காலையில்”, “அரை மணி முன்னால்” என்பதையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் சுற்றில் துப்புகள் மட்டும். மூன்றாவதில்தான் மொழி. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கப் போனால் வாக்கியத்தைச் சீவிக்கொண்டே துளையைத் தவறவிடுவீர்கள்.

பிறகு ஐந்து பேரிடம் கொடுங்கள். அதில் மூவராவது 14 முதல் 17 வயதுக்குள் இருக்க வேண்டும், பெற்றோரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லாயிருக்கு” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் ஒரு தாள் கொடுத்து, 10, 18, 26ஆம் அத்தியாயங்களின் முடிவில் நிறுத்தி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பத்தாவதிலேயே மூன்று பேர் சரியாகச் சொன்னால், அவர்கள் சொன்ன காரணத்தைப் பாருங்கள். துப்பை வைத்துச் சொன்னார்களென்றால் துப்பை இன்னும் ஆழமாக ஒளித்து வையுங்கள். “அவர்தான் ரொம்ப நல்லவரா இருந்தார்” என்று சொன்னார்களென்றால் பாத்திரத்தைத் திருத்துங்கள், துப்பைத் தொடாதீர்கள். இருபத்தாறிலும் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை என்றால் அது வெற்றி இல்லை. துப்பு வெளியே தெரியவே இல்லை என்று பொருள். இருவர் சந்தேகப்பட்டு, மூவர் ஏமாந்து, ஐவருமே முடிவில் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் சரியாக வந்திருக்கிறது. கதை தெரிந்தவரிடம் திருத்திய பிரதியை மறுபடி கொடுத்துப் பயனில்லை, அடுத்த சுற்றுக்குப் புது ஆட்கள் வேண்டும்.

10. பதிப்பகத்துக்கு

பொதுவாகக் கேட்பவை: ஒரு பக்க அறிமுகக் கடிதம், ஒன்று அல்லது இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். சுருக்கத்தில் கொலையாளி யார் என்று கட்டாயம் எழுதுங்கள். “விடையை நாவலில் காண்க” என்று முடிக்கிற சுருக்கங்கள் அதிகம் வருகின்றன. முடிவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் எடிட்டர் அதைக் கேட்கிறார்.

பதிலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்ப அனுமதி உண்டா என்று ஒவ்வொரு பதிப்பகத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பவர்களைத் தவிருங்கள். பணம் கொடுத்து அச்சிடுவது நீங்களே தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கலாம், ஆனால் “உங்கள் நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்” என்ற பாராட்டோடு வரும் பில் வேறு விஷயம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதி முடித்த உடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. இருந்தாலும் தேதியோடு கூடிய வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் தனித்தனி வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். இந்த வகையில் கவனிக்க வேண்டிய தனி விஷயம் ஒன்று உண்டு: துப்பறியும் பாத்திரத்தை வைத்து அடுத்த நாவல் எழுதும் உரிமை. முதல் புத்தகத்தோடு பாத்திரத்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டால் தொடர் எழுத அவர்களிடம் கேட்க வேண்டி வரும். எழுதியவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டியிருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இன்னொரு கோப்பு திறங்கள். பாத்திரங்களின் பிறந்த நாள், வகுப்பு, வீட்டு அமைப்பு, யாருக்கு எந்த ரகசியம் இப்போது தெரியும், யாருக்கு இன்னும் தெரியாது என்று எல்லாவற்றையும் முதல் நாவலிலிருந்து எடுத்து எழுதிவையுங்கள். இரண்டாம் நாவலில் அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கும். பள்ளியில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருக்கும். “சின்னப் பொண்ணுதானே” என்று யாரும் அவள் முன்னால் பேச மாட்டார்கள். அடுத்த கொலைக் கோப்பைத் தொடங்குமுன் அவளால் மட்டும் முடிபவற்றின் பட்டியலைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.